ஆயுதம் போய்ச் சேரும் இடம்

(குளத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2024 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னையிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் புறப்பட்டது. மரியான் டானிகா என்று பெயர். டென்மார்க் கொடி கட்டிய கப்பல். அதில் ஏறத்தாழ 27 டன் வெடிபொருள் இருந்தது. போக வேண்டிய இடம் இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகம். செங்கடல் வழி அப்போது ஆபத்தாக இருந்ததால் ஆப்பிரிக்காக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு போனது. வழியில் ஸ்பெயின் நாட்டின் கார்த்தஹேனா துறைமுகத்தில் மே 21 அன்று நிற்க அனுமதி கேட்டது. ஸ்பெயின் அரசு மறுத்துவிட்டது. அந்த நாட்டு வெளியுறவு அமைச்சர் ஹோசே மானுவேல் அல்பாரெஸ் மே 16 அன்று அதை வெளிப்படையாக அறிவித்தார். இஸ்ரேலுக்கு ஆயுதம் ஏற்றிப் போகும் எந்தக் கப்பலுக்கும் இனி ஸ்பெயின் துறைமுகங்களில் இடமில்லை என்றார்.

ஏறக்குறைய அதே நாட்களில் சென்னையிலிருந்து கிளம்பிய போர்க்கும் என்ற இன்னொரு கப்பலைப் பற்றியும் ஸ்பெயினில் பெரிய சர்ச்சை எழுந்தது. அதன் சரக்கு இஸ்ரேலுக்குத்தான் போகிறது என்றார்கள் போராட்டக்காரர்கள். செக் குடியரசுக்குப் போகிறது என்றது ஸ்பெயின் அரசு. அந்தக் கப்பல் கார்த்தஹேனாவில் நிற்காமலே ஸ்லோவேனியா பக்கம் போய்விட்டது.

நம் மாநிலத் தலைநகரத்திலிருந்து 27 டன் வெடிமருந்து காஸாவில் குண்டு போட்டுக்கொண்டிருக்கும் ஒரு நாட்டுக்குப் போகிறது. அந்தச் செய்தி நமக்கு எங்கிருந்து வந்தது? டெல்லி சொல்லவில்லை. சென்னை சொல்லவில்லை. ஸ்பெயின் நாட்டு அமைச்சர் ஒருவர் சொன்னார். இது என்னை உறங்கவிடாத விஷயம். அதைப் பேசத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

வெளிநாட்டுக்கு ஆயுதம் விற்பதைப் பற்றி குளத்தூரில் வந்து பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். மானாவாரி வெள்ளாமை, மழை, விலை என்று நமக்குக் கவலைகள் ஏற்கெனவே நிறைய. ஆனால் அரசாங்கத்துக்கும் ஆயுதத்துக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. காரணம் சொல்கிறேன்.

1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதோடு கும்பினி ஓயவில்லை. பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்து அதற்குத் துணைநின்ற பாளையங்களையும் பறிமுதல் செய்தது. ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி என்று போகும் அந்தப் பட்டியலில் குளத்தூர் பெயரும் இருக்கிறது. கோட்டைகளை இடிக்கச் சொன்னார்கள். ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை கோட்டையை மறுபடி எழுப்பிப் போராடினார். அந்த மே மாதம் கோட்டை விழுந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்சீமையில் யாரும் துப்பாக்கியோ ஈட்டியோ வல்லயமோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் கரிசல் காட்டில் எந்த ஊரில் எத்தனை வல்லயம் இருக்கிறது என்பதை அன்றைய அரசாங்கம் தேடிப் பிடித்தது. ரயில் கிடையாது, தந்தி கிடையாது. சாலைகூடச் சரியாகக் கிடையாது. ஆனாலும் செய்தது. செய்ய வேண்டும் என்று நினைத்தது, அதனால் செய்தது. அதன் நோக்கம் கொடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் சொல்ல வருவது அதன் திறமையை. ஆயுதத்துக்குக் கணக்கு வைக்க அரசாங்கத்துக்கு எப்போதும் தெரியும்.

இன்றைக்கும் தெரியும். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டி ஆபீஸிலும் பயர் ஆபீஸிலும் வேலை பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பீர்கள். மருந்து அறை எங்கே இருக்க வேண்டும், ஒரு அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், குளோரேட்டு யாரிடம் வாங்கி எதற்குச் செலவழித்தீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் உரிமம் உண்டு, பதிவேடு உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பது அந்த ஏட்டைத்தான். 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டத்திலிருந்து வரும் கட்டுப்பாடு இது. அதிலே குறை இருக்கலாம், லஞ்சம் இருக்கலாம், விபத்துகளும் நின்றபாடில்லை. ஆனாலும் தீக்குச்சி முனையில் இருக்கும் மருந்துக்குக்கூடக் கணக்குக் கேட்கும் அரசாங்கம்தான் நம்முடையது.

இன்னொன்றும் நினைவிருக்கலாம். 2020 ஆகஸ்டில் லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. உடனே இங்கே ஒரு செய்தி கிளம்பியது. 2015இல் சென்னையில் சுங்கத்துறை பிடித்து வைத்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் 37 கன்டெய்னர்களில் கிடக்கிறது என்று. சில நாட்களுக்குள் அதை ஏலத்தில் எடுத்தவர்களுக்கு லாரி லாரியாக ஹைதராபாத்துக்கு அனுப்பிவைத்தார்கள். எது எங்கே இருக்கிறது, யாருடையது, எங்கே போகிறது என்று எல்லாம் தெரிந்தது. பேப்பரில் வந்தது. ஜனங்கள் பயந்தார்கள் என்பதால் பதில் சொன்னார்கள்.

அப்படியானால் சென்னையிலிருந்து கப்பலேறும் ஆயுதத்துக்கு மட்டும் பதில் கிடைக்காதது ஏன்?

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ராணுவப் பயனுள்ள பொருள்களுக்கு மத்திய அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஸ்கோமெட் பட்டியல் என்பார்கள். அதில் ஆறாவது பிரிவு ஆயுதங்களுக்கானது. அந்தப் பிரிவில் வரும் ஒரு குண்டோ, குண்டின் ஒரு பாகமோ நாட்டை விட்டுப் போக வேண்டுமானால் பாதுகாப்பு அமைச்சகத்தின் பாதுகாப்பு உற்பத்தித் துறை அனுமதி தர வேண்டும். வாங்குகிறவர் யார், எதற்கு, வேறு யாருக்காவது மாற்றிவிடமாட்டாரா என்பதற்கு இறுதிப் பயனர் சான்று என்ற கடிதம் வேண்டும். ஆகவே அரசாங்கத்துக்குத் தெரியாமல் எந்த ஆயுதமும் சட்டப்படி கப்பலேற முடியாது. கையெழுத்துப் போட்ட ஒருவர் இருக்கிறார். கோப்பு இருக்கிறது. அது நமக்குக் காட்டப்படுவதில்லை.

அந்தச் சான்று எவ்வளவு மெலிந்த காகிதம் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 1994இல் உக்ரைனில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 60 டன் வெடிமருந்தை விடுதலைப் புலிகள் வாங்கினார்கள். காட்டிய காகிதம் பங்களாதேஷ் அரசின் பெயரில் தயாரித்த போலிச் சான்று. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கி முன்னால் வெடித்த லாரியில் அந்த மருந்தின் ஒரு பகுதி இருந்தது என்று கருதப்படுகிறது. 90 பேருக்கு மேல் செத்தார்கள். வங்கியில் வேலை பார்த்தவர்கள், தெருவில் நடந்துபோனவர்கள். அடுத்த வருஷம், 1997இல், இலங்கை ராணுவம் ஜிம்பாப்வேயிலிருந்து 32,000க்கும் அதிகமான மோட்டார் குண்டுகளுக்குப் பணம் கட்டியது. அந்தக் கப்பல் கொழும்புக்கு வரவே இல்லை. குண்டுகள் புலிகள் கைக்குப் போயின. எந்தச் சிப்பாய்க்காக வாங்கினார்களோ அந்தச் சிப்பாய்மீதே விழுந்தன. ஆயுதம் விற்கிறவர் அது யார் கையில் முடியும் என்று உறுதி தருவது எவ்வளவு கடினம் என்பதை இந்த இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

ஆனால் போலிக் காகிதத்தால் நேர்ந்த சாவுகளைவிட ஒழுங்கான காகிதத்தால் நேர்ந்த சாவுகள்தான் அதிகம். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தழுதழுக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1995 ஜூலை 9. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் நவாலி. ராணுவம் முன்னேறுகிறது என்று ஊரை விட்டு ஓடிவந்த ஜனங்கள் புனித பீட்டர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். இலங்கை விமானப்படையின் புக்காரா விமானம் அங்கே குண்டு போட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மடிந்தார்கள். புக்காரா அர்ஜென்டினாவில் செய்த விமானம். 1990களில் இலங்கை முறையாக, பணம் கொடுத்து வாங்கியது.

1996இல் இலங்கை இஸ்ரேலிடமிருந்து கிபிர் விமானங்களை வாங்கியது. ஈழத்துச் சனங்களிடம் பேசிப் பாருங்கள். விமானம் என்று சொல்லமாட்டார்கள். “கிபிர் வருது” என்பார்கள். அந்த இரைச்சல் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர்கள் அவர்கள். 2006 ஆகஸ்ட் 14 அன்று முல்லைத்தீவு மாவட்டத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை குண்டு வீசியது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள். புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசு. போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு ராணுவ முகாமுக்கான தடயம் எதையும் காணவில்லை என்றது. விமானத்தை விற்றவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. உரிமம் இருந்தது. சான்று இருந்தது. காகிதம் எல்லாம் சரியாக இருந்தது.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்த பிறகு, அந்த ஆகஸ்டில், பிரிட்டன் நாடாளுமன்றத்தின் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் ஓர் அறிக்கை தந்தன. இலங்கைக்குக் கொடுத்திருக்கும் உரிமங்களை எல்லாம் மறுபடி ஆராய வேண்டும் என்று அதில் கேட்டார்கள். காலம் தாழ்ந்த கேள்விதான். செத்தவர்களுக்கு அதனால் என்ன பயன்? ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். எந்த நாட்டுக்கு என்ன ஆயுதத்துக்கு உரிமம் கொடுத்தோம் என்று 1990களின் பிற்பகுதியிலிருந்து பிரிட்டன் அறிக்கை வெளியிடுகிறது. ஏட்டில் இருந்தது, அதனால் கேட்க முடிந்தது.

நம் நாடு அந்தப் போரில் என்ன செய்தது? தாக்குதல் ஆயுதங்களை இலங்கைக்கு விற்பதில்லை என்பது டெல்லியின் நிலைப்பாடாக இருந்தது. 2007இல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் சென்னையில் அன்றைய முதல்வர் கருணாநிதியைச் சந்தித்துவிட்டு அதைப் பகிரங்கமாகவே சொன்னார். சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் இலங்கை ஆயுதம் கேட்டுப் போகக் கூடாது என்றும் சொன்னார். இந்த மறுப்பு எங்கிருந்து வந்தது? டெல்லியின் கருணையிலிருந்து வரவில்லை. தமிழ்நாட்டுத் தெருக்களிலிருந்து, மாணவர்களிடமிருந்து, கட்சி வேறுபாடு பாராமல் எழுந்த குரலிலிருந்து வந்தது. ஆயுத ஏற்றுமதித் தடை என்று சட்டப் புத்தகத்தில் எழுதவில்லை என்றாலும், நடைமுறையில் அது ஒரு தடைதான். தமிழ் மக்கள் பெற்றுத் தந்த தடை.

எழுதாத தடை என்பதுதான் அதன் பலவீனமும். தாக்குதல் ஆயுதம் எது, தற்காப்பு ஆயுதம் எது என்று டெல்லியே முடிவு செய்தது. ராடார் போனது, ரோந்துக் கப்பல் போனது, விமான எதிர்ப்புத் துப்பாக்கி போனது. உளவுத் தகவல் போனது. கேட்டால் தற்காப்பு என்றார்கள். எழுதி வைத்த சட்டம் ஒன்று இருந்திருந்தால், இந்த ராடார் எந்தப் பட்டியலில் வருகிறது என்று நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினராவது விரல் வைத்துக் கேட்டிருக்க முடியும்.

சிலர் கேட்பார்கள்: இந்தியா இப்படியெல்லாம் அயல்நாட்டு நியாயம் பார்த்து வியாபாரத்தை நிறுத்தும் நாடா? ஆம். உலகத்துக்கே வழிகாட்டிய நாடு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து முன்னூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போய் இறங்கியது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள். அப்படிப் போன நம் சனங்களின் வழித்தோன்றல்கள் நிலம் வாங்குவதையும் குடியிருப்பதையும் முடக்க 1946இல் தென்னாப்பிரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. அந்த ஜூலையில் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு இருந்த வணிகத்தையே நிறுத்தியது. நாடு இன்னும் விடுதலைகூட அடையவில்லை. இந்திய ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 சதவீதம் அந்த நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சணல் சாக்கு அதில் முக்கியம். நஷ்டம் நமக்குத்தான் என்று தெரிந்தே செய்தார்கள். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்கக் கூடாது என்று 418ஆம் தீர்மானத்தின் மூலம் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தியது 1977 நவம்பரில். நாம் சாக்கு விற்பதை நிறுத்தி 31 வருஷம் கழித்து உலகம் துப்பாக்கி விற்பதை நிறுத்தியது.

1971க்கு வருவோம். அந்த வருஷம் கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தான் ராணுவம் நடத்திய படுகொலைகளால் சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். ஆயுத விற்பனையை நிறுத்திவிட்டோம் என்று அமெரிக்கா சொல்லிக்கொண்டிருந்தபோதே, பத்மா, சுந்தர்பன்ஸ் என்ற பாகிஸ்தான் கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ராணுவச் சாமான்களோடு கிளம்பியதை ஜூன் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. பழைய உரிமம், ஏற்கெனவே போட்ட ஒப்பந்தம், அதனால் தடுக்க முடியாது என்று வாஷிங்டன் விளக்கம் சொன்னது. இந்தியா சும்மா இருக்கவில்லை. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அதைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயுதத்தை அனுப்புகிறவர்களுக்கும் அந்தச் சாவுகளில் பொறுப்பு உண்டு என்பதுதான் அன்று நம் நாட்டின் வாதம்.

அமெரிக்கர்களிலேயே மனசாட்சி உள்ளவர்கள் அந்த ஜூலையில் பால்டிமோர் துறைமுகத்தில் சின்னஞ்சிறு துடுப்புப் படகுகளில் போய் பத்மா கப்பலுக்குக் குறுக்கே நின்றார்கள். கைதானார்கள். பெரும்பாலும் குவேக்கர் கிறிஸ்தவர்கள். அடுத்த மாதம் பிலடெல்பியாவில் அல் அகமதி என்ற கப்பலில் சரக்கேற்ற மாட்டோம் என்று துறைமுகத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். அந்தப் படகுகளையும் தொழிலாளர்களையும் இந்தியா அன்று நன்றியோடு பார்த்தது. இன்று சென்னையிலிருந்து போன கப்பலைப் பற்றிக் கேள்வி கேட்பவர்கள் கேட்பதும் அதே கேள்வி. ஒப்பந்தம் இருக்கிறது, தடுக்க முடியாது என்று நமக்குச் சொல்லப்படும் பதிலும் அதே பதில்.

2024 செப்டம்பரில் அந்தப் பதில் உச்ச நீதிமன்றத்திலிருந்தே வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள், அறிஞர்கள், சமூக ஆர்வலர்கள் பதினொரு பேர் ஒரு மனு போட்டார்கள். இஸ்ரேலுக்கு ராணுவத் தளவாடம் அனுப்ப இந்திய நிறுவனங்களுக்குத் தந்த உரிமங்களை ரத்து செய்ய வேண்டும், புதிதாகத் தரக் கூடாது என்று கேட்டார்கள். அவர்கள் சுட்டிக்காட்டிய நிறுவனங்களில் மத்திய அரசின் மியூனிஷன்ஸ் இந்தியாவும் உண்டு. இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை இந்தியா 1959இலேயே ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரி 26 அன்று சர்வதேச நீதிமன்றம் காஸா விஷயத்தில் இடைக்கால ஆணை பிறப்பித்திருந்தது. நம் அரசியல் சாசனத்தின் 51ஆவது பிரிவு சர்வதேசச் சட்டத்தை மதிக்கச் சொல்கிறது. இவைதான் மனுவின் தூண்கள். தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு செப்டம்பர் 9 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை நிர்வாகத்தின் பொறுப்பு, ஒப்பந்தம் போட்ட நிறுவனங்கள்மீது வழக்கு வரும், இறையாண்மை பெற்ற வேறொரு நாட்டின் செயலைப் பற்றி இந்திய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பவை காரணங்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. ஆனால் அதிலேயே நமக்கு ஒரு பிடிமானமும் இருக்கிறது. ஏற்றுமதியைத் தடுக்க வேண்டும் என்று அரசு கருதினால் 1992ஆம் ஆண்டு வெளிநாட்டு வணிகச் சட்டமும் சுங்கச் சட்டமும் போதுமான அதிகாரத்தைத் தருகின்றன என்று நீதிபதிகளே குறிப்பிட்டிருக்கிறார்கள். அதிகாரம் இல்லை என்ற பேச்சு அங்கேயே முடிந்துபோனது. அதிகாரம் இருக்கிறது. அதை எப்போது பயன்படுத்தியாக வேண்டும் என்று சொல்லும் சட்டம்தான் இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 1999 கார்கில் போரில் நமக்கு அவசரமாகத் தேவைப்பட்ட குண்டுகளையும் கருவிகளையும் கொடுத்த நாடு இஸ்ரேல். அதை மறக்க முடியாது என்பார்கள். 2024 டிசம்பரில் மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரும் தேச நலனையே அளவுகோலாகச் சொன்னார். அடுத்தது, 2013 ஏப்ரல் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ஆயுத வணிக ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 154 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஆயுதம் விற்கும் நாடு நடுவிலே கையை விரித்தால் வாங்கும் நாட்டின் கதி என்ன என்பதுதான் இந்தியாவின் ஆட்சேபம். 1965 போரின்போது அமெரிக்கா திடீரென்று ஆயுதத்தை நிறுத்திய அனுபவம் நமக்கு உண்டு. அந்தப் பயம் பொய்யில்லை.

ஆனால் அந்தப் பயம் வாங்குகிறவரின் பயம். இந்தியா இப்போது விற்கும் நாடாகவும் மாறிவிட்டது. 2013-14இல் 686 கோடி ரூபாயாக இருந்த ராணுவத் தளவாட ஏற்றுமதி 2024-25இல் 23,622 கோடியைத் தொட்டுவிட்டது. 2029க்குள் 50,000 கோடி என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். பிலிப்பைன்ஸுக்கு பிரம்மோஸ் ஏவுகணை போகிறது. ஆர்மீனியாவுக்குப் பினாகா போகிறது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று நம் மாநிலத்திலேயே ஐந்து முனைகளோடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019இல் தொடங்கியிருக்கிறது. அருவங்காட்டில் 1904 முதல் வெடிமருந்துத் தொழிற்சாலை நடக்கிறது. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. நாளைக்கு நம் பிள்ளைகள் டிப்ளமா முடித்துவிட்டு இந்தத் தொழிற்சாலைகளில்தான் வேலைக்குச் சேருவார்கள். சேரட்டும். நாட்டைக் காக்க ஆயுதம் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. தாங்கள் கடைந்தெடுத்த குண்டு எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல் விழுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும் என்கிறேன்.

மற்ற நாடுகளில் என்ன நடந்திருக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப் 35 விமானப் பாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்புவதை ஏழு நாட்களில் நிறுத்தச் சொன்னது. அந்த செப்டம்பரில் பிரிட்டன் ஏறத்தாழ 350 உரிமங்களில் 30ஐ நிறுத்திவைத்தது. 2025 ஜூலையில் ஸ்லோவேனியா முழுத் தடை போட்டது. அக்டோபரில் ஸ்பெயின் நாடாளுமன்றம் தடையைச் சட்டமாகவே ஆக்கியது. இதிலே போதாமை உண்டு, ஓட்டை உண்டு. பிரிட்டன் எஃப் 35 பாகங்களைத் தன் தடையிலிருந்து பெருமளவு விலக்கி வைத்தது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் எந்த நாட்டிலும் இந்தத் தடைகளால் அரசாங்கம் கவிழவில்லை, ராணுவம் பலவீனமாகவில்லை.

நமக்குத் தேவை ஒரு சின்னச் சட்டத் திருத்தம். இனப்படுகொலைக்கோ போர்க் குற்றத்துக்கோ பயன்படும் அபாயம் தெளிவாக இருக்கிற நாட்டுக்கு ஆயுதமோ அதன் பாகமோ வெடிமருந்தோ ஏற்றுமதி செய்ய உரிமம் தரக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத வேண்டும். ஏற்கெனவே தந்த உரிமத்துக்கும் அது பொருந்த வேண்டும், ஒப்பந்தத்தைக் காரணம் காட்ட முடியாதபடி. எந்த நாட்டுக்கு, என்ன பொருள், எவ்வளவு மதிப்பு என்று வருஷந்தோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்க வேண்டும். இப்போது உறுப்பினர்கள் கேட்டால் மொத்தத் தொகை கிடைக்கிறது. நாடுகளின் பெயரைக் கேட்டால் பாதுகாப்புக் காரணம் என்று பெரும்பாலும் பதில் வருகிறது. பிரிட்டனும் ஜெர்மனியும் பெயர் சொல்லி வெளியிட்டுவிட்டு ஆயுதமும் விற்றுக்கொண்டிருக்கின்றன. இந்தியாவுக்கு மட்டும் அதில் என்ன ஆபத்து?

நம் பக்கத்தில் இதை முதலில் உரக்கச் சொன்னவர்கள் கப்பலில் சுமை ஏற்றுகிற தொழிலாளிகள். 2024 பிப்ரவரி 14 அன்று இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் ஓர் அறிக்கை விட்டது. 11 பெருந்துறைமுகங்களில் 3,500 தொழிலாளர்களைக் கொண்ட சங்கம் அது. பாலஸ்தீனத்தின் மேல் போர் நடக்கும்வரை இஸ்ரேலுக்குப் போகும் ஆயுதத்தை ஏற்றவும் மாட்டோம், அங்கிருந்து வருவதை இறக்கவும் மாட்டோம் என்றார்கள். தினக்கூலியிலும் ஒப்பந்தத்திலும் வயிற்றைக் கழுவுகிறவர்கள். கிழக்கே கொஞ்ச தூரம் போனால் நமக்குக் கடல், தெற்கே தூத்துக்குடித் துறைமுகம். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி. 1908இல் கோரல் மில் தொழிலாளர்களைத் திரட்டிய ஊர். இந்தச் சுற்று வட்டாரத்துக் குடும்பங்களில் துறைமுகத்தில் வேலை பார்க்கிற ஒருவராவது இல்லாத தெரு குறைவு. அவர்களை மட்டும் முன்னால் நிறுத்திவிட்டு நாம் வேடிக்கை பார்க்கக் கூடாது. ஒரு தொழிலாளி மறுத்தால் வேலை போகும். ஒரு ஊரே தீர்மானம் போட்டால் யாருடைய வேலையும் போகாது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்கிறேன். கிராம சபைக்கு வெளிநாட்டு விவகாரத்தில் அதிகாரம் இல்லை என்று எழுந்து சொல்வார்கள். அதிகாரம் இல்லை, உண்மைதான். ஆனால் நாடாளுமன்றத்தில் சட்டம் கொண்டுவரக் கோரி நம் தொகுதி உறுப்பினருக்கு வேண்டுகோள் அனுப்ப யாருடைய அனுமதியும் வேண்டாம். இலங்கைக்குத் தாக்குதல் ஆயுதம் தராதே என்று தமிழ்நாடு கேட்டபோதும் அதிகாரம் இல்லாமல்தான் கேட்டது.

தீர்மானத்துக்கு ஒரு வரைவு எழுதி எடுத்துவந்திருக்கிறேன். ஒரே பக்கம்தான். ஆசிரியர் ஒருவர் இப்போது அதை வாசிப்பார். கேட்டுவிட்டு, எங்கே திருத்த வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள். உடன்பாடில்லாதவர்கள் முதலில் பேசட்டும்.